தாத்தா எத்தனை வேகத்தில் நடக்கிறார்?

முதியவர்களின் நடையை அளந்து வருங்காலம் சொல்லும் கருவிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. மதுரைக் கால்களுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?

காலை ஐந்தரை மணி. மதுரை கீழச் சித்திரை வீதியின் கல்தளம் இன்னும் சுடத் தொடங்கவில்லை. வண்டிகளுக்கு அனுமதியில்லாத வீதி. இந்த நேரத்தில் மீனாட்சி கோயிலைச் சுற்றி நடப்பவர்களில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டியிருக்கும்.

வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வருகிறார் ஒரு பெரியவர். வயது எழுபத்தாறு. மில்லில் முப்பத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்த கால்கள். இடது மணிக்கட்டில் கறுப்புப் பட்டையோடு ஒரு ஸ்மார்ட் வாட்ச். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது கட்டிவிட்டது. தெற்குக் கோபுரத்துக்கு எதிரே நின்று திரையைத் தட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“மூணு சுத்து முடிஞ்சிருச்சு தம்பி. இது ரெண்டாயிரத்து எண்ணூறுங்குது. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நடந்தா கணக்குலயே சேத்துக்க மாட்டேங்குது. நேத்து வீட்ல உக்காந்து தேங்கா துருவிக் குடுத்தேன். அதுக்கு நானூறு அடி போட்டுருச்சு!”

கோயில் மதிலின் அளவு 847 அடிக்கு 792 அடி என்பது பழைய கணக்கு. மதிலை ஒட்டிச் சுற்றினாலே ஒரு கிலோமீட்டர். வீதியில் நடந்தால் அதற்கும் மேல். மூன்று சுற்றுக்கு அவர் ஐயாயிரம் காலடியாவது எடுத்து வைத்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட பாதியை வாட்ச் விழுங்கிவிட்டது. ‘அப்பா விழுந்தால் உங்களுக்குச் செய்தி வரும்’ என்று மகனை நம்பவைத்து விற்ற வாட்சும் இதுதான்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. இந்தக் கருவிகள் இன்று பல நாடுகளில் முதியவர்களின் இடுப்பிலும் மணிக்கட்டிலும் ஏறியிருக்கின்றன. யார் விழுவார், யாருக்கு மறதி நோய் வரும், யாருக்கு நடுக்குவாதம் தலைகாட்டும் என்று முன்கூட்டியே சொல்லப் பார்க்கின்றன. மக்கள் தொகையில் முதியவர்களின் பங்கில் தமிழ்நாடு இந்தியாவின் முன்வரிசையில் இருக்கிறது. எனவே இந்தக் கணக்கு நம் வீட்டு வாசலுக்கு வந்தே தீரும். அது சரியான கணக்கா, வந்தபின் நாம் என்ன செய்வோம் என்பதுதான் கேள்வி.

அடியை விட வேகம்

நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற மந்திரம் மருத்துவமனையில் பிறந்தது அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965-ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. ‘மான்போ-கே’ என்றால் பத்தாயிரம் அடி மானி. விளம்பரம் ஜெயித்தது, எண் நிலைத்தது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களுக்குக் கருவி கட்டிப் பார்த்தார்கள். நாளைக்கு 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. ஏறக்குறைய 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. பத்தாயிரம் தொடவில்லையே என்று இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் சுற்றிக்கொண்டிருக்கும் நம் சித்தப்பாமார்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

மருத்துவர்கள் உற்றுப் பார்ப்பது வேறொன்றை: இயல்பாக நடக்கும்போது உள்ள வேகம். 2011-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஸ்டெஃபனி ஸ்டுடென்ஸ்கியும் கூட்டாளிகளும் ஒன்பது ஆய்வுகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டார்கள். 65 வயதைக் கடந்த 34,485 பேர். நொடிக்கு 0.1 மீட்டர் வேகம் கூடக்கூட, இறப்புக்கான வாய்ப்பு சுமார் 12 சதவிகிதம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு முன்பே, 2009-ல், நடை வேகத்தை ‘ஆறாவது உயிர்க்குறி’ என்று இரு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் வரிசையில் நடையையும் வைத்தார்கள்.

காரணம் எளிது. ஓர் அடி எடுத்து வைக்க இதயம் ரத்தம் அனுப்ப வேண்டும், நுரையீரல் ஈடுகொடுக்க வேண்டும், கண் தரையைப் பார்க்க வேண்டும், உள்காது சமநிலை சொல்ல வேண்டும், பாதத்தின் நரம்பு தரையை உணர வேண்டும், மூளை இத்தனையையும் கோக்க வேண்டும். இதில் எது தளர்ந்தாலும் முதலில் நடையில் தெரியும்.

■ பெட்டிச் செய்தி: சில எண்கள்
• தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவிகிதம். 2031-ல் 18.2 சதவிகிதமாக இருக்கும் என்பது அரசின் மதிப்பீடு.
• உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் பலியாவது 60-ஐக் கடந்தவர்கள்.
• பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஏழு நாள் கைப்பட்டைக் கருவி அணிந்தார்கள். அந்தத் தரவிலிருந்து, நடுக்குவாதத்தின் சாயலை மருத்துவர் கண்டுபிடிப்பதற்கு ஏழு ஆண்டுகள் வரை முன்பே பார்க்க முடிந்ததாக 2023-ல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பேசினால் நின்றுவிடும் கால்

வாட்சுக்குள் இருப்பது நகம் அளவுகூட இல்லாத ஒரு சில்லு. உடல் மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் எத்தனை வேகமாக அசைகிறது என்பதை அது நொடிக்குப் பல முறை குறித்துக்கொள்கிறது. மீதி எல்லாம் கணக்கு. ஒரு குதிகால் தரையில் பட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி படும் வரை எவ்வளவு நேரம், அந்த நேரம் ஒவ்வோர் அடிக்கும் ஒரே சீராக இருக்கிறதா, கூடிக் குறைகிறதா.

அந்தக் கூடிக் குறைவதில்தான் சூட்சுமம். 2001-ல் ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃப் குழு 52 முதியவர்களின் நடையைக் காலடியில் உணரி வைத்து அளந்து, ஓராண்டு அவர்களைப் பின்தொடர்ந்தது. பின்னாளில் விழுந்தவர்களின் அடி நேரம், விழாதவர்களுடையதைவிட அதிகமாகத் தாறுமாறாக இருந்திருந்தது. கண்ணுக்கு இது தெரியாது. இயந்திரத்துக்குத் தெரியும்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவதையே நாம் பார்ப்பதில்லையே. என் அம்மாவுக்கு எழுபத்தொன்று ஆனபோது, கடைக்குப் போகும் வழியில் ஏதாவது கேட்டால் நின்றுவிடுவார். நின்று பதில் சொல்லிவிட்டு மறுபடி நடப்பார். “நடந்துக்கிட்டே சொல்லும்மா” என்று நான் சலித்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. அந்த வருஷமே கொல்லைப்புறம் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பின்னொரு நாள்தான் ஸ்வீடன் ஆய்வு ஒன்றைப் படித்தேன். 1997-ல் லான்செட் இதழில் வந்தது. முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நின்றார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிரண்டில் 10 பேர் விழுந்தார்கள். கருவியும் இல்லை, செலவும் இல்லை. பேச்சுக் கொடுத்ததுதான் சோதனை.

கோழிக்கோட்டுக் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கருவியில்லாமல் நடையைப் பார்த்து எச்சரிப்பதை முறையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஜோ வர்கீஸ் என்ற நரம்பியல் மருத்துவர் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது, ‘மறதி இருக்கிறது என்று அவரே சொல்கிறார், நடையும் மெதுவாகிவிட்டது’ என்ற இரண்டையும் சேர்த்து ஓர் எச்சரிக்கை நிலையாக வகுத்தார். ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். 2014-ல் 17 நாடுகளைச் சேர்ந்த 26,802 முதியவர்களின் தரவில் பார்த்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நிலை இருந்தது. அவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. கோழிக்கோட்டில் நடக்கும் கேரள-ஐன்ஸ்டைன் ஆய்வு இந்த யோசனையைத் தென்னிந்திய முதியவர்களிடம் வைத்துப் பார்க்கிறது.

நாடு தழுவிய கணக்கும் உண்டு. மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-ல் முதல் சுற்றை நடத்திய இந்திய முதுமை ஆய்வில் 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். அதில் முதியவர்களை 4 மீட்டர் நடக்கவைத்து நேரம் குறித்தார்கள். தமிழ்நாடும் அதில் அடக்கம். ஆக, நம் பாட்டிமாரின் நடை அளக்கப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. அளந்தது ஆய்வாளரின் ஏட்டில் இருக்கிறது. அளக்கப்பட்டவரின் மருந்துச் சீட்டில் ஏறவில்லை.

வரப்பில் நடப்பவளுக்கு எந்த வாட்ச்?

மதுரையை விட்டு மேலூர்ப் பக்கமோ வாடிப்பட்டிப் பக்கமோ அரை மணி நேரம் போனால் கதை மாறிவிடுகிறது. பெரியாறு-வைகைப் பாசன வயல். அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் ஒற்றையடி வரப்பில் வெறுங்காலோடு, தலையில் புல்லுக்கட்டோடு வருகிறார். ஒரு கை கட்டைப் பிடித்திருக்கிறது. மறு கை சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இரண்டு கையும் வீசவில்லை. மணிக்கட்டுக் கருவியைப் பொறுத்தவரை இவர் நடக்கவே இல்லை.

வரப்பு வளைந்தால் அவர் அடி குட்டையாகும். சேறு இருந்தால் நிற்கும். பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, பெருவிரலை அழுத்தி, அடுத்த அடி. அடி நேரம் தாறுமாறாகத்தான் இருக்கும். அது தளர்ச்சி அல்ல, வித்தை. மேற்கத்திய நகரத்தின் சமதள நடைபாதையில், ஷூ போட்டுக் கைவீசி நடந்தவர்களின் தரவில் பழகிய மென்பொருள் இதை ‘ஆபத்து’ என்று படிக்கலாம். மெதுவாக நடப்பவர்களிடமும், கைத்தடியோ வாக்கரோ பிடித்து நடப்பவர்களிடமும் மணிக்கட்டுக் கருவிகள் அடிகளைத் தவறவிடுகின்றன என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த குறை. யாருக்கு அளவு மிகவும் தேவையோ அவரிடம்தான் கருவி அதிகம் தவறுகிறது.

ஐரோப்பாவில் 2019-ல் தொடங்கி ஐந்தாண்டுகள் நடந்த ‘மொபிலைஸ்-டி’ திட்டம் மணிக்கட்டை விட்டு அடிமுதுகில் கருவியை ஒட்டியது. நடுக்குவாதம் உள்ளவர்கள், இடுப்பெலும்பு முறிந்து தேறுபவர்கள் எனப் பல வகையினரின் அன்றாட நடையை வீட்டிலேயே அளந்தது. சேலைக்கு மேல், புல்லுக்கட்டுக்குக் கீழ் அதை எப்படி ஒட்டுவது என்பதை நாம்தான் செய்து பார்க்க வேண்டும். மதுரையைச் சுற்றிய வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஓராண்டு தரவு திரட்டாமல் இங்கே எந்தக் கருவியும் ‘கணிக்கிறது’ என்று விற்பனைக்கு வரக் கூடாது. அது என் கருத்து.

எச்சரிக்கை வந்தது. அப்புறம்?

சரி, கருவி சரியாகவே கணித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் மகனின் போனில் செய்தி வருகிறது: ‘உங்கள் தந்தையின் நடை உறுதி குறைந்துள்ளது.’ (ஐபோனில் 2021 முதல் இப்படியொரு வசதி இருக்கவே செய்கிறது. போன் இடுப்பருகே பையில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் பெரியவர்கள் அதை டி.வி. மேல் வைத்துவிட்டுத்தான் நடக்கப் போகிறார்கள்.)

மகன் அம்மாவுக்குப் போன் போடுவார். அம்மா அப்பாவைப் பிடித்துக்கொள்வார். “இனிமே தனியா எங்கயும் போகக் கூடாது. சாமி கும்புட்றதுன்னா வீட்லயே கும்புடுங்க.” காய்கறி வாங்கப் பேரன் போவான், பால் வாசலுக்கே வரும். பாசம்தான். ஆறு மாதத்தில் தொடைத் தசை கரையும். ஒரு வருடத்தில் நாற்காலியிலிருந்து எழக் கைபிடி தேவைப்படும். விழுவார் என்று பயந்து உட்காரவைத்ததாலேயே அவர் விழுவார். விழும் பயமே விழுவதற்கு ஒரு காரணம் என்பது முதியோர் மருத்துவத்தில் பழைய பாடம்.

செய்ய வேண்டியது நேர்மாறானது. உடற்பயிற்சி பற்றிய 108 சோதனைகளைத் தொகுத்த 2019-ம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, சமநிலைக்கும் அன்றாட அசைவுக்குமான பயிற்சி விழுதலை ஏறக்குறைய கால்பங்கு குறைக்கிறது என்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சி முறை இன்னும் கூடுதல் பலன் காட்டியது. அதில் பெரிய உபகரணம் எதுவும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கணுக்காலில் எடை கட்டித் தூக்குவது, குதிகால் விரலைத் தொட ஒரே கோட்டில் நடப்பது.

அடுத்து கண். பிரிட்டனில் நாட்டிங்ஹாமில் எழுபதைக் கடந்த 306 பெண்களிடம் நடந்த சோதனை 2005-ல் வெளியானது. முதல் கண்ணுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சையைத் தாமதமின்றிச் செய்துகொண்டவர்களிடம் விழுதல் 34 சதவிகிதம் குறைவு. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. கண்புரைக்கு வழியில்லை என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. ‘கண்ணு மங்கலாத்தான் தெரியுது, ஆனா சமாளிச்சுக்கிறேன்’ என்று தள்ளிப்போடும் பெரியவருக்கு, அது காலையும் சேர்த்துத் தள்ளிப்போடுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மீதி வீட்டுக்குள் இருக்கிறது. பாசி பிடித்த கொல்லைப்புறக் கல், இருட்டு நடை, உயர்ந்த நிலைப்படி, தேய்ந்த ரப்பர் செருப்பு, நாலு டாக்டர்கள் தனித்தனியே எழுதி யாரும் கூட்டிப் பார்க்காத மாத்திரைகள். இரவில் தூக்க மாத்திரை, காலையில் பிரஷர் மாத்திரை, எழுந்ததும் கிறுகிறுப்பு. இதற்கெல்லாம் சில்லு வேண்டாம். ஒருநாள் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் கண் போதும்.

■ பெட்டிச் செய்தி: வீட்டில் அளந்து பாருங்கள்
பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு மட்டுமே செய்ய வேண்டும்.
நாலு மீட்டர் நடை: தரையில் 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. முதல் கோட்டுக்குச் சற்று முன்பிருந்தே இயல்பாக நடக்கச் சொல்லி, கோட்டுக்குக் கோடு நேரம் பாருங்கள். ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறைப்படி நொடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தால், அதாவது 4 நொடிக்கு மேல் ஆனால், கவனிக்க வேண்டும்.
எழுந்து நடந்து வந்து உட்கார்தல்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் போய், திரும்பி வந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கோரிப்பாளையத்தில் எட்டு நொடி

கால் மட்டும்தான் குற்றவாளியா? பல நாடுகளில் சாலையைக் கடக்கும் சிக்னல் நேரத்தை, மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துப் போடுகிறார்கள். 15 மீட்டர் சாலைக்குப் பன்னிரண்டரை நொடி. நொடிக்கு 0.7 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 21 நொடிக்கு மேல் வேண்டும். பச்சை அணைந்தபின் அவர் எட்டு நொடிக்கு மேல் நடுச்சாலையில் நிற்பார். மதுரையின் கோரிப்பாளையத்திலோ காளவாசலிலோ நின்று பாருங்கள். நம் பேருந்துகள் அந்த எட்டு நொடியைத் தருவதில்லை. நடைபாதையில் இளநீர்க் கடை, டிரான்ஸ்பார்மர், பைக். இறங்கி நடந்தால் ஆட்டோ. முதியவர் வெளியே போவதை நிறுத்திவிடுகிறார். அவர் வாட்ச் ‘செயல்பாடு குறைவு’ என்கிறது. அது அவருடைய நோயா, ஊருடைய நோயா?

இந்த எண்களெல்லாம் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்பதும் சின்ன விஷயமல்ல. உடல்நலத்தைப் பேணுபவர்களுக்குச் சலுகை தர இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கு இங்கே அனுமதி இருக்கிறது. வேகமாக நடந்தால் தள்ளுபடி என்பது, மெதுவாக நடந்தால் கூடுதல் பிரீமியம் என்று திரும்ப வெகுநாள் ஆகாது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கச் சொல்கிறது. மகன் ‘சரி’யை அழுத்திக் கட்டிவிட்ட வாட்சில், அப்பாவின் சம்மதம் எங்கே இருக்கிறது? சித்திரை வீதிப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். “அவன் பாத்துக்கிட்டே இருக்கான்னா கொஞ்சம் தைரியம்தான். ஆனா நான் டீக்கடையில எத்தன நேரம் உக்காந்தேன்னும் கேக்குறான் தம்பி” என்றார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நடைக் கணிப்பு கிளி எடுத்த சீட்டு அல்ல. ஆயிரக்கணக்கானோரின் சராசரி அது. மெதுவாக நடக்கும் நூறு பேரில் கூடுதலானோர் விழுவார்கள் என்று சொல்லும். உங்கள் அப்பத்தா விழுவாரா என்று சொல்லாது. மூட்டுவலிக்காரர் மெதுவாக நடந்து தொண்ணூறு வரை இருப்பார். அதனால் எண்ணைப் பார்த்துப் பதறுவதும் தவறு, பார்க்காமலே இருப்பதும் தவறு. ஒருமுறை வந்த எண்ணைவிட, போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் நடுவே எவ்வளவு குறைந்தது என்பதே மருத்துவருக்கு உதவும். அந்தத் தொடர் கணக்கை அலுக்காமல் எழுதிவைப்பதில் கருவிக்கு நிகர் இல்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும்.

வாங்க முடியாதவர்களுக்கு அரசிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போகிறார்கள். பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருவது இந்தத் திட்டத்தில் உண்டு. நடை தளர்ந்தவரைக் கண்டுபிடிக்கவும் ஆள் இருக்கிறார், கண்டுபிடித்தபின் அனுப்பவும் இடம் இருக்கிறது. நடுவில் ஓர் அளவுதான் இல்லை.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு வட்டாரத்தில் தொடங்குங்கள். தன்னார்வலரின் பையில் பிரஷர் கருவிக்குப் பக்கத்தில் 4 மீட்டர் கயிறு ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். நேரம் பார்க்க அவர் கையில் போன் இருக்கிறது.